இவர்

கும்பகோணம்

சிரஞ்சீவி கண்ணனுக்கு அம்மா எழுதுவது. முட்டி வலி தேவலை. மாத்திரையை விடவில்லை, அதைப் பற்றிக் கேட்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் குழந்தை அந்தப் பழைய குரூப் போட்டோவைத் தூக்கிக் காட்டி "இதில் தாத்தா யாரு?" என்றாளே, நீ விரலை வைத்தது உன் சித்தப்பாவின் மேல். நான் திருத்தவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். உன்மேல் குற்றமில்லை. அப்பா போனபோது உனக்கு இரண்டரை வயசு. ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு மாமியோடு கோனேரிராஜபுரம் போனேன். காரைக்கால் பஸ்ஸில் எஸ்.புதூர் வரை, அப்புறம் ஆட்டோ. எல்லோரும் அங்கே பெரிய நடராஜரைப் பார்க்கத்தான் வருவார்கள். நான் போனது வேறு ஒருத்தரைப் பார்க்க. கருவறையின் தென்சுவரில் சின்னதாக ஒரு புடைப்புச் சிற்பம். சிவலிங்கத்துக்குப் பூஜை நடக்கிறது, ஒருவர் கைகூப்பிக் கும்பிடுகிறார். கீழே கல்வெட்டு. மகன் உத்தம சோழன் ராஜ்யம் செய்யும் காலத்தில், தன் கணவர் கண்டராதித்த சோழர் பெயரால் ராணி செம்பியன் மாதேவி இந்தக் கற்றளியை, அதாவது கல்கோயிலை, கட்டினாள் என்று நீளமாகப் போய், கடைசியில் "ஸ்ரீ கண்டராதித்த தேவர் இவர்" என்று முடிகிறது.

அந்த "இவர்" என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். போட்டோவுக்குப் பின்னால் எழுதி வைப்பது மாதிரி இல்லையா?

அவள் கதை உனக்குத் தெரிந்திருக்காது. நீ படித்ததெல்லாம் கணக்கு. மழவரையர் வீட்டுப் பெண். 941-இலேயே ஒரு விளக்குக்குத் தானம் கொடுத்தவளாகக் கல்வெட்டில் வந்துவிடுகிறாள். பிறந்தது சித்திரை மாதம் கேட்டை நட்சத்திரம். கேட்டையில் பிறந்த பெண் மூத்தாருக்கு ஆகாது என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டே, கணவனின் அண்ணன் ராஜாதித்தன் 949-இல் தக்கோலம் போரில் யானைமேல் இருந்தபடியே செத்துப்போனான். நம்மூர் ஜோசியர் யாராவது அன்றைக்கு இருந்திருந்தால் அவளைச் சும்மா விட்டிருப்பாரா! அண்ணன் போனதால்தான் கண்டராதித்தர் கைக்கு ராஜ்யம் வந்தது. அவரோ தில்லை நடராஜர் மேல் திருவிசைப்பா பாடிய மனுஷர். 957 வாக்கில் போய்விட்டார். "மேற்கெழுந்தருளின தேவர்" என்று கல்வெட்டு அவரைச் சொல்கிறது. இறந்ததைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்கிறார்கள் சிலர், தேசாந்திரம் போனார் என்கிறார்கள் சிலர். நீயும் மேற்கேதான் போயிருக்கிறாய், ஆனால் தினமும் போனில் வந்துவிடுகிறாய்.

கையில் சின்னப் பிள்ளை. பட்டம் கொழுந்தன் அரிஞ்சயனுக்குப் போயிற்று, அவன் மகன் சுந்தர சோழனுக்குப் போயிற்று. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட பிறகுதான், 970-ஐ ஒட்டி, இவள் பிள்ளைக்கு முறை வந்தது. அந்தக் கொலையில் அவனுக்கும் கை உண்டா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். பெற்றவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? கல்வெட்டு எதுவும் பேசவில்லை. "உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார்" என்று மட்டும் அவளைச் சொல்கிறது.

மகன் 985 வாக்கில் போனான். அதற்குப் பிறகும் அவள் இருந்தாள், ராஜராஜன் காலத்தில், 1001 வரைக்கும். குந்தவைக்கும் ராஜராஜனுக்கும் பெரிய பாட்டி முறை. பேரன் மதுராந்தகன் கண்டராதித்தன், பாட்டனார் பெயர் கொண்டவன், ராஜராஜனின் கீழே கோயில் கணக்கு விசாரிக்கும் அதிகாரியாக இருந்தான். பகை என்று ஒன்று அந்த வீட்டுக்குள் இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்று எனக்குத் தோன்றும். மருமகள்களும் அவள் பெயரில் உண்டான ஊர்க் கோயிலில் அவளுடைய சித்திரைக் கேட்டைக்குத் தானம் எழுதி வைத்திருக்கிறார்கள். (உன் பெண்டாட்டியிடம் இதைச் சொல்லாதே, குத்திக் காட்டுகிறேன் என்பாள்.)

செங்கல் கோயில்களைக் கல்லால் எடுத்துக் கட்டுவதே அவளுக்கு வேலை. விருத்தாசலம், ஆடுதுறை, திருவாரூர் அசலேசுவரம் என்று பட்டியல் போகும். எனக்குப் பிடித்தது திருக்கோடிக்காவல். பழைய கோயிலைப் பிரிக்கும்போது அதில் இருந்த பழைய தானக் கல்வெட்டுகளை வீசிவிடாமல், ஒவ்வொன்றையும் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்ட வைத்தாள். "இதுவும் ஒரு பழங்கற்படி" என்று குறிப்பும் போட்டு. யாரோ எந்தக் காலத்திலோ கொடுத்த விளக்கு, அவர்கள் பெயர். அழிந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவள் அழிய விடவில்லை.

கணவனின் உருவத்தை எதற்கு வைத்தாள்? பக்தி என்றுதான் கல்வெட்டு படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ, அப்பா முகம் நினைவில்லாத பிள்ளைக்காகத்தான் வைத்தாள் என்று படுகிறது. கும்பிடுகிறவர்களில் இன்னார்தான் உன் அப்பா என்று. சிரித்தால் சிரித்துக்கொள்.

வாஷிங்டனில் ஃப்ரீர் மியூசியத்தில் ஒரு செப்புத்திருமேனி இருக்கிறது. செம்பியன் மாதேவிதான் அது என்கிறார்கள், இல்லை பார்வதி என்கிறார்கள். ஊருக்கெல்லாம் பெயர் வெட்டி வைத்தவளுக்கு, "இவர்" என்று கீழே ஒரு வரி எழுத ஆளில்லை பார்.

அதே குரூப் போட்டோவின் இன்னொரு பிரதி என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பின்பக்கம் பேனா ஓடவில்லை, பென்சிலால் எழுதியிருக்கிறேன். இடது பக்கத்திலிருந்து மூன்றாவது, சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்கு ஒரு கண்ணை மூடியிருப்பார். குழந்தை விரலைப் பிடித்து அங்கே வை.

அன்புடன்
அம்மா