ஆல்மா ரெவில் செய்தது ஒத்தாசை இல்லை: சினிமா ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சினிமா சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களைப் போன்ற ஒருவரிடம்தான் நானும் த்ரில்லர் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கைப் படித்தேன். ஒரு வாரம் முழுக்க அவர் படங்கள்தான். ஆல்மா ரெவில் என்ற பெயர் அந்த வாரத்தில் ஒரே ஒரு தடவை வந்தது. “மனைவியும் கூடமாட ஒத்தாசை செய்தார்” என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

அந்த ‘ஒத்தாசை’ இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இருவரும் 1899 ஆகஸ்டில் பிறந்தவர்கள், ஆல்மா ஒரு நாள் இளையவர். தொழிலில் அவர்தான் சீனியர். பதினாறு வயது வாக்கிலேயே லண்டன் ட்விக்கன்ஹாம் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து எடிட்டிங் கற்றுக்கொண்டார். ஹிட்ச்காக் சினிமாவுக்கு வந்தது சில வருடங்கள் கழித்து, மௌனப் படங்களுக்கு டைட்டில் அட்டை வரைபவராக. அன்றைய எடிட்டிங் என்றால் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணாலேயே அளந்து, கத்தரியால் வெட்டி ஒட்டுவது. தையல் வேலை மாதிரிதானே என்று அதில் பெண்களை நிறையவே சேர்த்தார்கள். (சில்லறை வேலை என்ற நினைப்பும் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.) அதோடு கன்டினியூட்டி: போன ஷாட்டில் சிகரெட் எந்தக் கையில் இருந்தது, கதவு எவ்வளவு திறந்திருந்தது என்று குறித்து வைப்பது. 1925இல் ஹிட்ச்காக் ‘தி ப்ளெஷர் கார்டன்’ எடுக்க ஜெர்மனி போனபோது அவருடைய உதவி இயக்குநர் ஆல்மா. கல்யாணம் 1926 டிசம்பரில்தான்.

1960இல் வந்த ஹிட்ச்காக் படம் ‘சைக்கோ’ பற்றிச் சொல்லப்படும் கதை உங்களுக்கே தெரியும். படம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், செத்துக் கிடப்பதாக நடித்த நடிகை ஜேனட் லீ அசைந்ததை ஆல்மா மட்டும் கவனித்தார். மூச்சு விட்டாரா, எச்சில் விழுங்கினாரா என்பது சொல்லும் ஆளுக்கு ஆள் மாறும். கணவன் தவறவிட்டதை மனைவி பிடித்துவிட்டாள் என்று வீட்டுச் சமாச்சாரம் மாதிரி இதைச் சொல்கிறோம். அங்கே பார்த்துக்கொண்டிருந்தது ஏறக்குறைய 45 வருடப் பழக்கமுள்ள ஓர் எடிட்டரின் கண்.

ஹிட்ச்காக் இதை மறைக்கவில்லை. 1979இல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் வாழ்நாள் சாதனை விருதை வாங்கும்போது நான்கு பேருக்கு நன்றி சொன்னார்: ஒரு எடிட்டர், ஒரு திரைக்கதை எழுத்தாளர், தன் மகளின் தாய், ஓர் அருமையான சமையல்காரர். நான்கு பேருடைய பெயரும் ஆல்மா ரெவில். அவர் எடிட்டரை முதலில் வைத்தார், சமையலைக் கடைசியில். நமக்கு மனதில் நின்றதென்னவோ அன்பான மனைவிதான்.

ஹிட்ச்காக் படங்களின் டைட்டிலில் ஆல்மாவின் பெயர் கடைசியாக வந்தது 1950இல், ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ படத்தில். இயக்குநர்தான் படத்தின் படைப்பாளி என்ற கருத்து பிரான்ஸில் கிளம்பி வளர்ந்ததும் அதே ஐம்பதுகளில். நாம் படித்த ஹிட்ச்காக் அந்தக் கருத்து செதுக்கித் தந்த ஹிட்ச்காக். எல்லாமே ஆல்மா செய்தது என்று நான் வாதாட வரவில்லை. ஒரே சாப்பாட்டு மேஜையில் வருடக்கணக்காகக் கதை பேசிய இருவரில் எந்த யோசனை யாருடையது என்று பிரிக்க முடியாது. பிரிக்க முடியாததால் மொத்தத்தையும் ஒருவர் கணக்கில் எழுதிவிடுவதுதான் சரியில்லை.

அடுத்த தடவை வகுப்பில் 1943இல் வந்த ‘ஷேடோ ஆஃப் எ டவுட்’ போடும்போது டைட்டிலை ஓட்டிவிடாதீர்கள். திரைக்கதை என்று மூன்று பெயர்கள் வரும்: தார்ன்டன் வைல்டர், சாலி பென்சன், ஆல்மா ரெவில். அங்கே நிறுத்துங்கள். யார் இவர் என்று யாராவது கேட்டால், ட்விக்கன்ஹாமிலிருந்து தொடங்குங்கள். மனைவி என்பதை 1926 வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இப்போது எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்திருக்கும் பழைய மாணவி