கல்லைப் பொரட்டாம ஆறு நல்லா இருக்குன்னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

என் பொண்ணு குன்னூர்ல 9ஆம் வகுப்பு படிக்கிறா. போன மாசம் ஜியாக்ரபி ஃபீல்ட் ஒர்க், நம்ம ஊரு தண்ணி எப்படி இருக்குன்னு பாக்கணும்னு சொல்லி வேன் வச்சு கூட்டிட்டு போனாங்க. எங்க போனீங்கன்னு கேட்டா ஊருக்கு ரொம்ப மேல, ஒரு எஸ்டேட்டுக்குள்ள ஓடுற ஓடையாம். ஆரஞ்சுப் பழத்த தண்ணில விட்டு 10 மீட்டர் போக எத்தன செகண்டுன்னு பாத்திருக்காங்க, அகலம் ஆழம் எல்லாம் டேப் புடிச்சு அளந்திருக்காங்க, மேல போற தண்ணி அடித் தண்ணிய விட வேகமா போகும்ங்கறதால வர்ற வேகத்த 0.85ஆல பெருக்கணும்ங்கற வரைக்கும் டீச்சர் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. அப்புறம் புளிசாதம் சாப்டுட்டு ரெக்கார்டு நோட்ல "நமது நீர்நிலை ஆரோக்கியமாக உள்ளது"ன்னு எழுதிட்டு வந்துட்டாங்க. கிளாஸ் மொத்தமும் அதே வரிதான்.

நம்ம நீர்நிலைன்னா எதுங்க? பஸ் ஸ்டாண்ட் பக்கமா, மார்க்கெட் ஓரமா மூக்க பொத்திக்கிட்டு தாண்டுறோமே அந்த ஆறு யாருது?

இன்னொரு கூத்து. தண்ணில கரைஞ்சிருக்கற ஆக்சிஜன அளக்கற கிட்டுல லிட்டருக்கு 8 மில்லிகிராம் காட்டியிருக்கு, இன்டர்நெட்ல எடுத்த சார்ட்ல 15 டிகிரி தண்ணிக்கு 10 இருக்கணும்னு போட்டிருக்கு, அதனால அந்த ஒரு கட்டத்துல மட்டும் "குறைவு"ன்னு எழுதியிருக்கா. நான் கொஞ்ச வருஷம் தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல இருந்தவன், பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு. அந்த சார்ட் கடல் மட்டத்துக்கு போட்டது. நாம இருக்கறது 1,800 மீட்டருக்கு மேல, காத்தழுத்தம் கம்மி, தண்ணி புடிச்சு வைக்கிற ஆக்சிஜனும் அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சுதான் இருக்கும். நம்ம மலைக்கு 8ங்கறது ஃபுல் மார்க்குங்க.

அந்த ஞாயித்துக்கிழமை நானும் அவளும் அதே ஓடைக்கு போனோம், அப்புறம் கீழ ஊரத் தாண்டி வந்து ஆத்துல இறங்கினோம், கம் பூட்ஸ் கிளவுஸ் எல்லாம் போட்டுத்தான். கீழயும் கிட்டு 7 காட்டுச்சு! "என்னப்பா இங்கயும் நல்லா தான இருக்கு"ன்னு கேட்டா. இங்கதான் ஏமாந்துருவோம். சாக்கடைய தின்ற பாக்டீரியா தண்ணில இருக்கற ஆக்சிஜன இழுத்துரும், வாஸ்தவம்தான், ஆனா நம்ம ஆறு சமவெளி ஆறு மாதிரி இல்ல, பாறைக்கு பாறை விழுந்து நுரை தள்ளி போறதால போற வழியிலயே காத்த மறுபடி வாங்கிக்குது. கிட்டு சொல்றது அந்த நிமிஷத்த மட்டும்தான்.

அதனால கல்லப் பொரட்ட சொன்னேன். மேல ஓடையில கல்லுக்கு அடில மூணு வால் வச்ச தட்டையான பூச்சி ரெண்டு மூணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, ஒண்ணு மணல ஒட்டி தனக்குத்தானே குழாய் மாதிரி கூடு கட்டி உள்ள ஒளிஞ்சிருந்துச்சு, அத பாத்து பாப்பாவுக்கு ஒரே குஷி. கீழ அதுல ஒண்ணு கூட இல்ல. சாம்பல் கலர்ல வழவழன்னு ஒரு பாசி, பிஸ்கட் கவர், அடிச் சேத்துல நூல் நூலா செவப்புப் புழு. நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் அதுக்கும் இருக்கு, அதான் செவப்பு, அதான் ஆக்சிஜன் ரொம்ப கம்மியான சேத்துலயும் பொழைக்குது. மேல ஓடையில பாத்த பூச்சிங்க சுத்தமான தண்ணிலதான் பொழைக்கும், மாசக்கணக்குல தண்ணிக்குள்ளயே வளர்றது, நேத்து ராத்திரி யார் என்ன தொறந்து விட்டாலும் அதுக்கு தெரியும்.

இதெல்லாம் எழுதி கொண்டுபோனா "ரெக்கார்டுல வேண்டாம்மா, கேள்வி வரும்"னு சொல்லிட்டாங்க. டீச்சர குத்தம் சொல்லல, 40 புள்ளைங்கள ஆத்துல இறக்கறது சாமானியமா? அந்த நாத்தத்துல நான் இறக்குவேனான்னு எனக்கே தெரியல. ஆனா பாலத்து மேல நின்னு பாக்கலாமே, ஒருத்தர் வாளியில மொண்டு குடுத்தா போதுமே.

நான் கேக்கறது இவ்ளோதான்: ஊருக்கு மேல ஒரு எடம், கீழ ஒரு எடம், ரெண்டுலயும் அதே எடத்துல வருஷத்துக்கு மூணு நாலு தடவ. ஐப்பசி மழையில ஆறு கலங்கி பெருசா ஓடும்போது அழுக்கு கரைஞ்சு தெரியாது, மார்ச்ல தண்ணி வத்துனா அதே சாக்கடை கெட்டியா நிக்கும், மே சீசன்ல ரூம் எல்லாம் ஃபுல் ஆனப்புறம் கேக்கவே வேணாம். ஒரு நாள் போயிட்டு வந்து எப்படிங்க முடிவு சொல்ல முடியும்? இந்த தண்ணி மேட்டுப்பாளையம் பக்கம் பவானிக்கு போகுது, அங்க குடிக்கிறவங்களும் இருக்காங்க. எழுதுனதுல ஒரு காப்பி நகராட்சிக்கும் குடுக்க சொல்லுங்க.

கீழ எடத்துக்கு வேன் வாடகை கூட வேணாம்ங்க, எங்க ஸ்கூல்ல இருந்து நடந்தா பத்து நிமிஷம்.

இப்படிக்கு,
ஒரு அப்பா, குன்னூர்