சாயா இல்லை, சீயோன்

அன்புள்ள தோழிக்கு,

நலம். உன் நலமும் பேரன் நலமும் அறிய ஆவல். கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடாதே. இங்கே இரண்டு நாளாக நல்ல மழை. காயப்போட்ட வற்றலையெல்லாம் உள்ளே எடுத்துவைத்துவிட்டேன்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். விடுதி விழாவில் நாம் ஆறு பேர் ஆடினோமே, ஆரம்பத்தில் எல்லாரும் வார்த்தையில்லாமல் முனகுவார்கள், நடுவில் 'சாயா' என்று என்னவோ வரும், அது என்ன பாட்டு என்று கேட்டிருந்தாய். மூன்று நாள் அந்த மெட்டையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதாகமத்தின் 137ஆம் சங்கீதம் வாசித்தார்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்கள், சீயோன் என்கிற தங்கள் எருசலேமை நினைத்துப் புலம்புவது அது. பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து சீயோனை நினைத்து அழுதோம் என்ற இடம் வந்ததும் சட்டென்று பிடிபட்டது. உன் காதில் சாயாவாக விழுந்தது சீயோன்தான், ஆங்கிலத்தில் சயன். பாட்டு, போனி எம் குழுவின் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்'. 1978இல் வந்தது.

ஓய்வுநாள் பள்ளியில் அந்தச் சங்கீதத்தை மனப்பாடமாக ஒப்பித்தவள் நான். அப்படியிருந்தும் இத்தனை வருஷம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லையே! ஒன்று கோயிலில் கைகட்டி நின்று தமிழில் கேட்டது. இன்னொன்று நம் அறைக்காரியின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் டேப்ரெக்கார்டரில் கேட்டது. இரண்டும் ஒரே அழுகை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் உட்கார்ந்து தேடிப் படித்தேன். பாட்டு போனி எம்முடையதே இல்லை. ஜமைக்காவில் மெலோடியன்ஸ் என்ற குழு 1970இல் பாடியது. பிரென்ட் டோவ், ட்ரெவர் மெக்நாட்டன் என்ற இருவர் எழுதியது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வம்சம் அந்தத் தீவு மக்கள். அங்கே ராஸ்தஃபாரி நெறிக்காரர்களுக்கு பாபிலோன் என்றால் தங்களை நசுக்குகிற அதிகாரம். சீயோன் என்றால் விட்டுவந்த ஆப்பிரிக்கா. எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியைத் தெய்வமாகவே வணங்கியவர்கள் அவர்கள். அதனால் மூலப் பாட்டில் 'கர்த்தரின் பாட்டு' என்று வரவேண்டிய இடத்தில் 'கிங் ஆல்ஃபாவின் பாட்டு' என்று அவரைக் குறித்துப் பாடினார்கள். எட்டு வருஷம் கழித்து ஜெர்மனியில் ஃபிராங்க் ஃபாரியன் என்ற இசைத் தயாரிப்பாளர் அதை போனி எம்முக்காக எடுத்தபோது அந்த வார்த்தை போய், மறுபடியும் கர்த்தர் வந்துவிட்டார். பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம், இருபது லட்சத்துக்கும் மேல் விற்பனை. அந்த அலைதான் பாளையங்கோட்டை வரை வந்திருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் என்னை விடவில்லை. சங்கீதத்தில் சிறைபிடித்தவர்கள், "உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள், சந்தோஷமாக" என்று கேட்கிறார்கள். அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவோம் என்று இவர்கள் கலங்குகிறார்கள். யாழ் மாதிரியான கின்னரங்களைக்கூட அலரிச்செடியில் மாட்டிவிட்டார்கள் (அந்த வசனம் பாட்டில் இல்லை). கடைசி வசனத்துக்கு வந்தால் பழிவாங்கும் வெறி. பாபிலோனின் குழந்தைகளைப் பற்றிய அந்த வரியை இன்றைக்கும் என்னால் வாய்விட்டு வாசிக்க முடிவதில்லை. ஜமைக்காக்காரர்களுக்கு அந்தக் கோபத்தைப் பாட எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அவர்கள் அதைப் பாடவில்லை. அந்த வசனத்தை விட்டுவிட்டு, 19ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். வாயின் வார்த்தைகளும் இருதயத்தின் தியானமும் உமக்குப் பிரியமாயிருக்கட்டும் என்ற அதே வசனம்தான், எங்கள் போதகர் ஐயா பிரசங்கம் தொடங்குமுன் கண்மூடிச் சொல்வது. இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. எவ்வளவு பெரிய மனசு!

மெலோடியன்ஸ் பாடியதைப் பேரனிடம் சொல்லிப் போடச்சொல். அவசரமே இல்லாத குரல்கள். எனக்கு இப்போது அதுதான் பிடிக்கிறது, நாம் ஆடியது கொஞ்சம் தள்ளித்தான்.

நீ கேட்ட இன்னொன்று, பியானோவோடு காலையைப் பற்றி வருவது, கேட் ஸ்டீவன்ஸ் 1971இல் பாடிய 'மார்னிங் ஹேஸ் ப்ரோக்கன்' ஆகத்தான் இருக்கவேண்டும். அதுவும் சினிமாப் பாட்டு இல்லை. எலினார் ஃபார்ஜன் என்ற அம்மையார் எழுதி 1931இல் வந்த ஞானப்பாட்டு. மெட்டு ஸ்காட்லாந்தின் பழைய கேலிக் மெட்டு.

ஆறு பேரில் ஐந்து பேர் நினைவுக்கு வந்துவிட்டார்கள். மேடையில் உன் வலப்பக்கம் ஆடிய, பச்சைத் தாவணிக்காரி யார்? தெரிந்தால் அடுத்த கடிதத்தில் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி