கேள்வி கேட்கும் முன் இன்னொரு முறை வாசிக்க விடுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். பிள்ளைகள் வாசிக்கிறார்கள், ஆனால் வாசித்தது புரியவில்லை என்று வருத்தப்பட்டு உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொடக்கப்பள்ளியில் மொழிப்பாடம் நடத்துகிறவள் நான். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அதற்குக் கட்டுரையாளர் சொல்லும் வழியில் எனக்கு உடன்பாடில்லை. பத்திக்குப் பத்தி இன்னும் நிறையக் கேள்விகள், இன்னும் நிறையப் பயிற்சித்தாள்கள், மையக்கருத்தைக் கண்டுபிடிக்கும் வேலைகள் என்கிறார். பத்தியை வாசித்து முடிக்கவே திணறும் மூன்றாம் வகுப்புக் குழந்தையின் தலையில் ஐந்து கேள்விகளையும் ஏற்றினால் என்ன ஆகும்? கேள்வியில் இருக்கும் சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதிவிடும். பாதி நேரம் அது சரியான விடையாகவும் இருந்து தொலைக்கும். மதிப்பெண் வந்துவிடும், புரிதல் வந்திருக்காது.

அப்படிப்பட்ட குழந்தையிடம் நான் முதலில் ஒன்று செய்து பார்ப்பேன். அதே அளவு கடினமான வேறொரு பத்தியை எடுத்து, நானே வாசித்துக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்பேன். பல குழந்தைகள் பட்டென்று பதில் சொல்வார்கள். கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. காதால் கேட்டால் புரிகிறது, கண்ணால் வாசித்தால் புரியவில்லை என்றால், அந்தக் குழந்தைக்குத் தேவை வாசிப்புப் பயிற்சி. கேட்டாலும் புரியவில்லை என்றால் அது வேறு விஷயம். சொல்வளமோ பொது அறிவோ போதவில்லை. இந்த இரண்டு வகைப் பிள்ளைகளையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே தாளை நீட்டுவதுதான் என் மனக்குறை.

பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதிவைத்தார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரிதல். கூட்டல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் பூஜ்யமாக இருந்தால் மறுபக்கம் எவ்வளவு இருந்தும் பிரயோசனமில்லை.

சரி, திணறி வாசிப்பதற்கும் புரியாமல் போவதற்கும் என்ன தொடர்பு? மனிதக் கவனம் அளவானது. 1974இல் லாபெர்ஜ், சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் இதுதான்: எழுத்துக்கூட்டுவதிலேயே கவனம் செலவாகிவிட்டால், பொருளை யோசிக்க மிச்சம் இருக்காது. எழுத்துக்கூட்டும் வேலை யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழக்கமான பிறகுதான் மனம் கதைக்குள் போகும்.

தமிழில் இது இன்னும் கொஞ்சம் சிக்கல். வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். யார், எங்கே, எதற்கு என்பதையெல்லாம் மனத்தில் பிடித்துக்கொண்டே போனால்தான் முடிவில் என்ன நடந்தது என்று தெரியும். 'பெரிய மரத்தின் கீழே நின்ற யானை தண்ணீர் குடிக்க ஆற்றுக்குப் போனது' என்ற சாதாரண வாக்கியத்தையே பாருங்கள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி 'போனது' வரை வந்து சேர்கிற குழந்தைக்கு, போனது யார் என்பது அதற்குள் மறந்திருக்கும். 'நின்ற' என்பதோடு நிறுத்திவிட்டு 'யானை தண்ணீர்' என்று ஒரே மூச்சில் சேர்த்து வாசிக்கிற பிள்ளைகளும் உண்டு. எழுத்துப் பிழை ஒன்றுகூட இருக்காது. நம் கண்ணுக்குக் குறை தெரியாமல் போவதே இதனால்தான். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஓரளவு ஒழுங்கானது. எழுத்துகளைக் கற்றுவிட்ட குழந்தை முன்பின் தெரியாத சொல்லையும் எப்படியாவது கூட்டிச் சொல்லிவிடும். தப்பில்லாமல் வாசிக்கிறதே, போதும் என்று நாமும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

தப்பில்லாமல் வாசித்தால் மட்டும் போதாது, தடங்கலில்லாமல் பொருளோடு சேர்த்து வாசிக்கும் சரளமும் வேண்டும். சரளம் என்றதும் பலர் வேகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணுவது இப்போது பரவிவருகிறது. குழந்தையின் முன்னேற்றத்தை அதன் முந்தைய வாசிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசிரியருக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்துக்காக வகுத்த அளவுகளைத் தமிழுக்குத் தூக்கிக்கொண்டு வருவது சரியில்லை. விகுதியும் வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி ஒட்டி நீளும் நம் சொற்களை, அந்தச் சின்னச் சின்னச் சொற்களோடு எண்ணிக்கையில் எப்படி ஒப்பிட முடியும்? தவிர, நேரம் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் முற்றுப்புள்ளியைக்கூட மதிப்பதில்லை. மூச்சுவிடாமல் ஓடி முடித்துவிட்டு, வாசித்தது என்ன என்று கேட்டால் முழிப்பார்கள்.

அமெரிக்காவில் 1992இல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, நான்கு படிநிலைகளாகப் பிரித்தார்கள். சொல் சொல்லாக வாசிப்பது முதல் படி. பொருள் பிசகாமல் தொடர் தொடராக, உணர்ச்சியோடு வாசிப்பது நான்காவது. வேகத்தைத் தனியாகத்தான் அளந்தார்கள். மேல்படியில் இருந்தவர்களே வாசித்துப் புரிந்துகொள்வதிலும் பொதுவாக மேலே இருந்தார்கள். எங்கே நிறுத்துவது, எங்கே குரலை உயர்த்துவது என்பதைக் கவனித்தாலே பொருள் எந்த அளவுக்கு மனத்தில் ஏறுகிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இதைக் கற்றுத்தர முடியுமா என்றால், முடியும். வழியும் புதிதில்லை. சாமுவேல்ஸ் 1979இல் எழுதிய முறை மிக எளிமையானது: ஐம்பதிலிருந்து இருநூறு சொற்கள் வரையுள்ள சின்னப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, தடையில்லாமல் வரும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசிக்க வைப்பது, அப்புறம் அடுத்த பகுதி. புதிய பகுதிக்குப் போகும்போது முதல் வாசிப்பே முன்பைவிடச் சரளமாக இருந்தது, தேவைப்பட்ட தடவைகளும் குறைந்துகொண்டே வந்தன என்று அவர் கண்டார். இதோடு நான் சேர்ப்பது ஒன்று: முதலில் ஆசிரியர் வாசித்துக் காட்ட வேண்டும். நல்ல வாசிப்பு எப்படி ஒலிக்கும் என்று காதில் விழாத குழந்தை, தன் தவறான நிறுத்தங்களையே திரும்பத் திரும்பப் பழகிக்கொள்ளும். பகுதியும் அளவானதாக இருக்க வேண்டும். நூறு சொல்லில் ஐந்தாறுக்கு மேல் தடுக்கினால் அது அந்தக் குழந்தைக்கு இப்போதைக்கு வேண்டாம்.

ஒரே பத்தியை நாலு தடவை வாசித்தால் மனப்பாடம் ஆகிவிடாதா என்று பெற்றோர் கேட்பார்கள். ஆகும், சில பிள்ளைகள் கூரையைப் பார்த்துக்கொண்டே ஒப்பிப்பார்கள். நடுவிலிருந்து ஒரு வரியைக் காட்டி அங்கிருந்து வாசிக்கச் சொன்னால் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வேறொரு காரணம் கொடுத்தாலும் போதும்: ஒரு தடவை கதை தெரிய, ஒரு தடவை பாட்டியின் குரலில், ஒரு தடவை பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கும்படி. இசை கற்கிறவர் ஒரே பாட்டை மாதக்கணக்கில் பாடினால் யாரும் குறைசொல்வதில்லை. வாசிப்பில் மட்டும் ஒரு தடவையோடு முடிந்துவிட வேண்டும் என்று நினைக்கிறோம்.

வகுப்பில் வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்லும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடலாம். முப்பது பேர் இருந்தால், நாற்பது நிமிட வகுப்பில் ஒரு குழந்தை வாய்திறப்பது ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக. மற்ற நேரம் முழுவதும், தன் முறைக்கு எந்தப் பத்தி வரும் என்று விரல்விட்டு எண்ணி, அதை மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். நன்றாக வாசிக்கிறவனுக்கு அலுப்பு, திணறுகிறவனுக்கு எல்லார் முன்னாலும் அவமானம். இதற்குப் பதில் எல்லாரும் சேர்ந்து வாசிக்கலாம். ஆசிரியர் ஒரு வாக்கியம் வாசிக்க, பிள்ளைகள் அதையே பின்னால் வாசிக்கலாம். இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் வாசிக்க ஒருவர் திருத்தலாம். அதே நாற்பது நிமிடத்தில் பாதிப் பேர் எந்நேரமும் வாசித்துக்கொண்டிருப்பார்கள். சத்தம் வரும்தான். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். பரவாயில்லை.

மௌனமாகத் தனியே வாசிப்பது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கை, வழிகாட்டுதலோடு வாய்விட்டுத் திரும்ப வாசிப்பது சரளத்துக்கும் புரிதலுக்கும் உதவுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. மௌன வாசிப்புக்கு அப்படிச் சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றது. பயனில்லை என்று அது தீர்ப்பு எழுதவில்லை, இரண்டும் வேறு. சரளம் வந்த பிள்ளைக்குக் கை நிறையப் புத்தகம் கொடுங்கள். இன்னும் எழுத்துக்கூட்டுகிற பிள்ளையைப் புத்தகத்தோடு மூலையில் உட்காரவைத்தால், அது பக்கத்தைப் புரட்டிப் படம் பார்க்கும்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். உங்கள் சிறுவர் பகுதியில் வரும் கதைகள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் வாய்விட்டு வாசிக்கத் தோதாக இல்லை. நான்கைந்து பாத்திரங்கள் பேசும் சின்ன உரையாடல் நாடகங்களை அவ்வப்போது வெளியிடுங்கள். பிள்ளைகள் பாத்திரம் பிரித்துக்கொண்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் அலுக்காமல் வாசிப்பார்கள். அந்தப் பக்கத்திலாவது அச்சு நெடுவரிசை குறுகலாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லை நடுவில் வெட்டி அடுத்த வரிக்குக் கொண்டுபோகாதீர்கள். வரியின் கடைசியில் பாதிச் சொல்லோடு நின்று, மீதியைத் தேடிக் கண்ணைக் கீழே இறக்குவதற்குள் எங்கள் பிள்ளைகள் வாக்கியத்தையே தொலைத்துவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை