எங்கள் யு.கே.ஜி. வகுப்புக்கு வந்தவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்து அம்மா அப்பாக்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

மார்ச் முடியப் போகிறது. லீவு விடுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இந்த வருடம் எங்கள் வகுப்புக்கு வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தவர்கள் பலர். மேடை, பொன்னாடை, மைக் எதுவும் வைக்கவில்லை. அதனால் வந்தவர்களுக்கு முறையாக நன்றி சொல்லவும் வாய்க்கவில்லை.

முதலில் மண்பாண்டத் தாத்தாவுக்கு. தாத்தா, நீங்கள் சக்கரத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியபோது, ஒரு பானை செய்து காட்டிவிட்டுப் போவீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்களோ பானையை முடிக்கவே இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் கையையும் நனைத்து, சுழலும் மண்மேல் வைக்க விட்டீர்கள். மண் சரிந்தது. திரும்ப நடுவில் கூட்டி வைத்தீர்கள். திரும்பவும் சரிந்தது. "தள்ளு, நான் செய்றேன்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்கே அந்தப் பொறுமை கிடையாது. அன்றைக்கு உருவானவற்றில் ஒன்று எருமை, ஒன்று இட்லி, இன்னொன்று என்னவென்று செய்தவனுக்கே தெரியாது. மூன்றையும் ஒரே மரியாதையோடு வெயிலில் காய வைத்தீர்கள்.

பனையேறும் அண்ணன் தளைநாரோடும் ஓலையோடும் வந்தார். தளையில் காலை விட்டுப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. தரையிலேயே நிற்க வைத்து, இரண்டு பாதமும் சேர்ந்து மரத்தை எப்படிக் கவ்வும் என்று காட்டினார். அப்புறம் ஓலைக் காற்றாடி. கருவேல முள்ளை மட்டும் அவரே செருகிக் கொடுத்தார். மடிப்பதெல்லாம் பிள்ளைகள் வேலை. சில காற்றாடிகள் சுற்றின, சில அசையவே இல்லை. கிழக்கே திரும்பி நின்றால்தான் சுற்றும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அது தை மாதம். பாலக்காட்டுக் கணவாயில் மலை விட்டுக் கொடுத்திருக்கும் சுமார் 30 கி.மீ. இடைவெளி வழியாகக் கிழக்கிலிருந்து காற்று வரும் காலம். ஆனியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது இவர்கள் ஒன்றாம் வகுப்பில் இருப்பார்கள். காற்றாடியை எடுத்துப் போய் அந்த டீச்சரைக் கேள்வி கேட்கட்டும்.

பால் சொசைட்டி அக்கா லாக்டோமீட்டரைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தபோது எனக்குத் திக்கென்றது. கண்ணாடி அல்லவா! ஒன்றும் உடையவில்லை. நல்ல பாலில் மேலே மிதந்தது, தண்ணீர் ஊற்ற ஊற்றக் கீழே இறங்கியது. "எங்க வீட்லயும் ஊத்துவாங்களே" என்று ஒரு குரல் வந்தது. எந்த வீடு என்று எழுத மாட்டேன். அக்காவும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார், அதற்குத் தனி நன்றி.

தபால்கார அண்ணனுக்கு என்ன சொல்ல! 50 பைசா கார்டில் பாட்டிக்குப் படம் வரைந்து அனுப்பலாம் என்றது அவர் யோசனைதான். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பாட்டி வீடு பொள்ளாச்சிப் பக்கம். இங்கே பின்கோடு 678 என்று தொடங்கும், அங்கே 642. இரண்டிலும் முதலில் 6 எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் முதல் எண் ஒன்றுதான் என்று அவர் சொன்னதும், "அப்போ பாட்டியும் நாமும் ஒரே ஊர்" என்று முடிவு செய்துவிட்டாள். எண்களை எழுத அடம்பிடித்த பிள்ளைகள்கூட அன்றைக்கு ஆறு கட்டத்தையும் நிரப்பினார்கள். பதில் போட்ட பாட்டிகளுக்கும் வணக்கம்.

ஸ்டெதஸ்கோப்பை ஒவ்வொரு காதிலும் மாட்டிவிட்ட சப்சென்டர் சிஸ்டருக்கு நன்றி. பிள்ளைகள் அவர்களோடு மலையாளத்தில் பேசிவிட்டு என்னிடம் தமிழில் புகார் சொன்னார்கள்.

"எழுத்து எப்போ டீச்சர் சொல்லித் தருவீங்க, மண்ணுலயே விளையாட விடுறீங்களே" என்று வாசலில் கேட்ட அம்மாக்களுக்கும் நன்றி, நிஜமாகத்தான். கேட்டதால்தான் யோசித்தேன். 1837இல் ஜெர்மனியில் ஃபிரோபல் சின்னப் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கியபோது அவர்கள் கையில் கொடுத்தவை நூல் பந்தும் மரக்கட்டைகளும்தான். மண்ணைக் கிள்ளி உருட்டிய விரலுக்குப் பென்சில் பிடிக்கும் பலமும் வரும். அ, ஆ எழுதிய நோட்டுகளை நீங்களே பார்த்துவிட்டீர்கள், இனி நான் சொல்ல வேண்டியதில்லை. சேறு படிந்த யூனிஃபார்மை முகம் சுளிக்காமல் துவைத்தீர்கள். சிலர் சுளித்தீர்கள், அதுவும் நியாயம்தான்.

இவ்வளவுக்கும் பிறகு வகுப்பைக் கழுவிவிட்டவர் எங்கள் ஆயாம்மா. களிமண் நாளில் மூன்று குடம் தண்ணீர் போதும் என்று நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஹோஸ் பைப்பை எடுத்து வந்தார்.

தையல்கார அண்ணா, ஜூனில் பள்ளி திறந்ததும் வெட்டுத்துணி மூட்டையோடு வருவதாகச் சொன்னீர்கள். பட்டன்களும் கொண்டு வாருங்கள், பெரிய சைஸாக.

அன்புடன்,
யு.கே.ஜி. டீச்சர்