சார்ஜர் என்பது மின்னேற்றி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், 1960-களில் அமெரிக்காவில் வெளிவந்த ‘மசில் கார்’களின், அதாவது சாதாரணக் காரில் பெரிய, வலிமையான எஞ்சினைப் பொருத்திய வேகக் கார்களின், பெயர்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. காரைக்குடியில் நாற்பது ஆண்டுக்காலம் மோட்டார் உதிரிபாகக் கடை நடத்திவிட்டு, இப்போது கடையை மகனிடம் ஒப்படைத்துத் திண்ணையில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் எனக்கு, இந்தப் பொருளில் தமிழில் ஒரு பக்கம் எழுத ஒருவர் முன்வந்ததே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் டாட்ஜ் சார்ஜர் என்ற காரின் பெயருக்கு ‘மின்னேற்றி’ என்று பொருள் போட்டிருந்ததைப் படித்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

கைப்பேசிக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சார்ஜர் என்றால் சுவரில் செருகும் பொருள்தான் நினைவுக்கு வரும் என்பதை அறிவேன். ஆனால் 1966-ஆம் ஆண்டு மாடலாக அந்தக் கார் வந்தபோது, போர்க்களத்தில் வீரனைச் சுமந்துகொண்டு எதிரி அணியின்மேல் பாயும் குதிரை என்ற பொருளில்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். இதற்குத் தமிழ்ச் சொல் தேடி அகராதி வரைக்கும் போகத் தேவையில்லை. புரவியெடுப்பு நடக்கும் நம் பக்கத்து அய்யனார் கோயில் எதற்குப் போனாலும், கழுத்தில் மணியும் முதுகில் சேணமுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு மண்குதிரைகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். ‘புரவி’ என்று எழுதியிருந்தால் பொருளும் கெட்டிருக்காது, கம்பீரமும் குறைந்திருக்காது.

பிழை இந்த ஒரு சொல்லோடு நின்றிருந்தால் நான் கடிதம் எழுதத் துணிந்திருக்கமாட்டேன். எஞ்சினின் வலிமையைக் கண்டு வியந்து, அதற்கு ஈடான கொடிய விலங்குகளின் பெயர்களை இந்தக் கார்களுக்குச் சூட்டினார்கள் என்று கட்டுரையாளர் ஒரே அடியாகச் சொல்லிவிட்டார். அவற்றுள் புகழ்பெற்ற பெயர்களில் பல, எஞ்சினைப் பார்த்து வைக்கப்பட்டவையே அல்ல. கம்பெனிக்குள் இருந்த ஒரு விதியைச் சுற்றிக்கொண்டு போவதற்காகச் சில, போட்டிக் கம்பெனியைச் சீண்டுவதற்காகச் சில, அடுத்தவர் வீட்டிலிருந்து கூசாமல் எடுத்துக்கொண்டு வந்தவை சில. இந்தக் கதைகளை விட்டுவிட்டு விலங்குப் பட்டியல் மட்டும் போட்டால் வாசகர்களுக்குச் சேரவேண்டியது சேராது.

மசில் கார் என்ற வகைக்கே பிள்ளையார் சுழி போட்டதாகப் பலரும் கருதும் போண்டியாக் ஜிடிஓவையே எடுத்துக்கொள்வோம். நடுத்தர அளவுள்ள கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளுக்குக் கட்டளை இட்டிருந்தது. போண்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய கூட்டாளிகளும் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்த விரும்பினார்கள். அந்தக் கட்டளை புதிய மாடல்களுக்கு மட்டுமே பொருந்தும், வாடிக்கையாளர் கூடுதல் பணம் கொடுத்துக் கேட்டு வாங்கும் இணைப்புகளுக்குப் பொருந்தாது என்று அவர்கள் ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து, லெமான்ஸ் என்ற சாதாரணக் காருக்கு ஒரு கூடுதல் இணைப்பாக 1964-ஆம் ஆண்டு அதை விலைப்பட்டியலில் நுழைத்துவிட்டார்கள். முதலாண்டிலேயே 32,450 கார்கள் விற்றுப்போன பின் மேலிடம் என்ன சொல்ல முடியும்?

அந்த இணைப்புக்கு வைத்த மூன்றெழுத்து இத்தாலியிலிருந்து வந்தது. பெராரி நிறுவனத்தின் 250 ஜிடிஓ என்ற பந்தயக் காரிலிருந்து டிலோரியன் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ‘கிரான் தூரிஸ்மோ ஒமோலோகாத்தோ’ என்பது விரிவு. நெடுந்தூரப் பயணக் கார் வகையில் பந்தயத்துக்குத் தகுதிச் சான்று பெற்றது என்று பொருள். போண்டியாக் கார் எந்தப் பந்தய அமைப்பிடமும் அப்படி ஒரு சான்று பெறவில்லை. ஐரோப்பியக் கார்களின் பக்தர்கள் கொதித்துப் போனார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சான்றுக்கு 100 கார்கள் செய்திருக்க வேண்டும் என்ற விதி இருந்த காலத்தில், இது எங்கள் பழைய காரின் திருத்திய வடிவம்தான் என்று சொல்லி நாற்பதுக்கும் குறைவாகச் செய்தே பெராரி காரியத்தை முடித்துக்கொண்டது. அமெரிக்க இளைஞர்களோ இத்தாலிய உச்சரிப்போடு மல்லுக்கட்டவில்லை. ஜிடிஓவை வெள்ளாடு என்று பொருள்படும் ‘கோட்’ என்ற செல்லப்பெயரால் அழைத்தார்கள்.

இந்தச் செயலின் துணிச்சல் நம் செட்டிநாட்டு வாசகர்களுக்குச் சட்டென்று புரியும். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் விலாசம் என்று மூன்று நான்கு எழுத்துகள் உண்டு. பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகளான அவை கணக்குப் பேரேட்டிலும் இருக்கும், கல்யாணத்துக்குக் கொடுத்த பித்தளைத் தவலையின் கழுத்திலும் வெட்டப்பட்டிருக்கும். ஒரு வீட்டு விலாசத்தை இன்னொரு வீட்டார் தங்கள் தவலையில் வெட்டிக்கொண்டால் ஊர்ப் பஞ்சாயத்தே கூடியிருக்கும். டிலோரியன் அதைத்தான் செய்தார், அதையும் காரின் முகப்பிலேயே செய்தார்.

எழுத்துக்கும் எண்ணுக்கும் உள்ள கதைகளைக் கட்டுரை தொடவே இல்லை. ஓல்ட்ஸ்மொபில் 442 என்பதில் முதல் நான்கு கார்புரேட்டரின் நான்கு துவாரங்களையும், இரண்டாம் நான்கு கியர்களின் எண்ணிக்கையையும், கடைசி இரண்டு இரட்டைப் புகைக்குழாய்களையும் குறித்தன. கார் வந்த மறு ஆண்டே 400 கன அங்குல எஞ்சின் வந்து, தானியங்கிக் கியரோடும் காரை விற்கத் தொடங்கியதும், முதல் நான்கு எஞ்சின் அளவைக் குறிக்கிறது, இரண்டாம் நான்கு கார்புரேட்டரைக் குறிக்கிறது என்று கணக்கை மாற்றி எழுதிக்கொண்டார்கள். செவர்லே கமரோவின் ‘இசட் 28’ என்பதோ வெறும் ஆர்டர் எண். இரண்டு எண்களைச் சொல்லாமல் ஒரு பொருளைக் கேட்டு வாங்க முடியாத உதிரிபாகத் தொழிலில் கிடந்தவன் என்பதாலோ என்னவோ, எந்த அலங்காரமும் இல்லாமல் பட்டியலிலிருந்து இறங்கி வந்து நின்ற இந்தப் பெயர்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

போர்ட் மஸ்டாங் இரண்டாம் உலகப் போர்க்காலத்து பி-51 விமானத்தின் பெயரைப் பெற்றது என்று கட்டுரை முடிவாகச் சொல்கிறது. வடிவமைப்பாளர் ஜான் நஜ்ஜார் அந்த விமானத்தின்மீது ஆசை கொண்டவர், 1962-இல் காட்சிக்கு வைத்த மாதிரிக் காருக்கு அவர்தான் இந்தப் பெயரைச் சொன்னார் என்பது ஒரு வரலாறு. சந்தை ஆய்வுப் பிரிவிலிருந்த ராபர்ட் எகர்ட் சொந்தத்தில் குதிரை வளர்த்தவர், பெயர் அவர் வழியாக வந்தது என்பது இன்னொரு வரலாறு. முகப்பில் பதித்த சின்னம் விமானமாக இல்லாமல் ஓடும் குதிரையாக இருப்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமான இந்தக் காரை ஜெர்மனியில் ‘டி-5’ என்ற பெயரில்தான் விற்க நேர்ந்தது. அங்கே மஸ்டாங் என்ற பெயரின் உரிமை ஏற்கெனவே வேறொரு நிறுவனத்தின் கையில் இருந்தது.

மஸ்டாங் என்ற சொல்லின் வேர் இன்னும் சுவையானது. கால்நடை உரிமையாளர் சங்கத்துக்கு ஸ்பெயினில் மெஸ்தா என்று பெயர். சொந்தக்காரர் இன்னாரென்று தெரியாமல் வழிதவறித் திரிந்த கால்நடையை அந்த வழியில் மெஸ்தெங்கோ என்றார்கள். அதுவே அமெரிக்கப் புல்வெளிக்குப் போய் மஸ்டாங் ஆயிற்று. நம் ஊரில் இப்படிச் சுற்றும் மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைத்து அபராதம் போடுவார்கள். அங்கே அதன் பெயரில் ஒரே ஆண்டில் நான்கு லட்சத்துக்கு மேல் கார் விற்றார்கள்.

கமரோவின் கதை மஸ்டாங்கோடு சேர்த்துச் சொல்லவேண்டியது. சி என்ற எழுத்தில் தொடங்கும் பெயர்களைச் செவர்லே விரும்பி வைத்துவந்தது. கொர்வெட், கொர்வேர், செவல் எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. 1966 ஜூனில் பெயரை அறிவித்தபோது, தோழன் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் இது என்று விளக்கம் சொன்னார்கள். கமரோ என்றால் என்ன என்று செய்தியாளர்கள் கேட்டதற்கு, மஸ்டாங்குகளைத் தின்னும் சிறிய, கொடிய விலங்கு என்று பதில் கொடுத்தார்கள். குத்தலாகச் சொன்ன அந்தப் பதிலைத்தான் தங்கள் கட்டுரையாளர் விலங்கியல் உண்மையாக எடுத்துக்கொண்டு, கமரோ ‘தென்னமெரிக்கக் காட்டு விலங்கு’ என்று எழுதிவிட்டார். அப்படி ஒரு விலங்கு எந்தக் காட்டிலும் இல்லை.

உண்மையான உயிரினங்களிலும் தவறு நேர்ந்திருக்கிறது. மஸ்டாங்குக்கு இரண்டு வாரம் முன்பாக, 1964 ஏப்ரல் 1 அன்று விற்பனைக்கு வந்த பிளிமத் பாரகுடாவின் பெயருக்குச் ‘சுறா’ என்று போட்டிருக்கிறார்கள். பாரகுடா சுறாவல்ல. தொண்டியிலிருந்து காலையில் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் சீலா மீன்தான் அது. நீண்ட உடம்பும், கீழ்த்தாடை முன்னே துருத்திக்கொண்டு கூரிய பல் தெரியும் வாயுமாக அது தட்டில் கிடப்பதைப் பார்த்தவர்கள், இந்தப் பெயரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கமாட்டார்கள்.

பிளிமத் ரோட் ரன்னரைத் ‘தீக்கோழி’ ஆக்கியதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அது அமெரிக்காவின் தென்மேற்குப் பாலையில் தரையிலே ஓடித்திரிந்து பாம்பையும் பல்லியையும் பிடித்துத் தின்னும் குயிலினப் பறவை. நம் வேலியோரத்தில் பறப்பதைவிட நடப்பதையே விரும்பும் செம்போத்தும் குயிலினம்தான். 1968-இல் மூவாயிரம் டாலருக்கும் குறைந்த விலையில், சொகுசு எதுவும் இல்லாமல், இளைஞர்களுக்கென்று அந்தக் காரைக் கொண்டுவந்தார்கள். வார்னர் பிரதர்ஸ் கேலிச்சித்திரத்தில் வரும் பறவையின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துவதற்கு மட்டும் 50,000 டாலர் கொடுத்தார்கள். அந்தப் பறவை எழுப்பும் ‘பீப் பீப்’ ஓசை ஹாரனிலேயே கேட்கவேண்டும் என்று அதற்குத் தனியாகச் செலவழித்தார்கள். விலை குறைந்த காருக்கு ஹாரன் சத்தத்தை இவ்வளவு மெனக்கெட்டு அமைத்தவர்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

டாட்ஜ் டீமன் பற்றிக் கட்டுரை ஒரு வரிதான் எழுதியது. பேய் என்று பெயர் வைத்து 1971-ஆம் ஆண்டு மாடலாக வந்த அந்தக் காருக்குக் கிறித்தவ அமைப்புகளிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பி, 1973-ஆம் ஆண்டு மாடலில் பெயரை டார்ட் ஸ்போர்ட் என்று மாற்றிவிட்டார்கள். நம் பக்கத்தில் லாரியின் நெற்றியில் முனியய்யா துணை என்று எழுதுவார்களே தவிரப் பேய் துணை என்று எழுத எந்தப் பெயிண்டரும் தூரிகை எடுக்கமாட்டார்.

பந்தய ஓட்டுநராக இருந்து கார் தயாரிப்பாளரான கேரல் ஷெல்பி தன் காருக்கு வைத்த கோப்ரா என்ற பெயர் கனவில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். கனவு அவருடையது, பாம்பு நம்முடையது. இந்தியாவுக்கு வந்த போர்த்துகீசியர்கள் படமெடுக்கும் பாம்பைக் கண்டு, குல்லாய் போட்ட பாம்பு என்ற பொருளில் ‘கோப்ரா டி கப்பெலோ’ என்றார்கள். அதன் முதற்சொல்தான் ஆங்கிலத்துக்குப் போயிற்று. பெயர் சொல்ல அஞ்சி ‘நல்லது’ என்று மட்டும் நாம் குறிப்பிடும் ஒன்றை அவர்கள் பானெட்டில் பதித்து ஓட்டினார்கள்.

அடுத்த வாரம் நிறுவனங்களின் பெயர்களைப் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருப்பதால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன். போண்டியாக் என்பது 1763-இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட ஒடாவா பழங்குடித் தலைவரின் பெயர். பிளிமத் என்பது 1620-இல் மேபிளவர் கப்பலில் வந்தவர்கள் குடியேறிய இடத்தின் பெயர் என்றாலும், கதிர்க்கட்டுக்குப் பயன்பட்ட பிளிமத் கயிறு உழவர்கள் எல்லாருக்கும் தெரியும் என்பதால்தான் 1928-இல் அந்தப் பெயர் எடுபட்டது என்று சொல்வார்கள்.

என் தகப்பனார் கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் பிளிமத் கார் ஓட்டினார். அதன் பானெட் முனையில் பாய்விரித்த மேபிளவர் கப்பல் ஒன்று இருக்கும். பள்ளி விடுமுறையில் அதை விபூதி தொட்டுத் துணியால் துடைப்பது என் வேலை. பாய்களுக்கு இடையிலுள்ள இடுக்கில் துணி நுழையாது, தீக்குச்சியில் பஞ்சு சுற்றித்தான் எடுக்கவேண்டும். “ரங்கூன் கப்பலை நல்லாத் தொடச்சுவிடுடா தம்பி” என்பார்கள் அந்த வீட்டு ஆச்சி. அது வேறு கப்பல் என்று எனக்கும் அப்போது தெரியாது. தெரிந்த பிறகும் அவர்களிடம் நான் சொன்னதில்லை. கார் விலைபோனபோது கப்பலைக் கழற்றி ஆச்சி என் தகப்பனாரிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது என் மேசைமேல்தான் இருக்கிறது. அடுத்த வாரக் கட்டுரைக்குப் படம் தேவைப்பட்டால், மகனிடம் சொல்லி எடுத்து அனுப்பச் சொல்கிறேன். மின்னேற்றிக்கும் தீக்கோழிக்கும் ஒரு சிறு திருத்தம் மட்டும் அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி