லுவார் கரையிலும் ஓர்லேயான் காட்டிலும் எங்களுக்குப் பாதை விட்டவர்களுக்கு நன்றி

வணக்கம்.

செப்டம்பர் கடைசியில் லுவார் ஆற்றை ஒட்டி ஓர்லேயானிலிருந்து பிரியார் வரை கிராவல் சைக்கிளில், அதாவது சரளைப் பாதைக்கு ஏற்ற அகலமான டயர் சைக்கிளில், போய்வந்தோம். ஆற்றங்கரை, காடு, வயல் என்று முடிந்தவரை தார் ரோட்டைத் தொடாத வழி. நாங்கள் மூன்று பேரும் பாரிஸில் வேலை பார்க்கிறவர்கள். அந்தப் பக்கம் எங்களுக்குத் தெரிந்தவர் என்று ஒருவரும் கிடையாது. ஆனாலும் போன இடமெல்லாம் யாராவது கை கொடுத்தார்கள். அவர்களுடைய பெயரைப் பொதுவில் போடுவது முறையல்ல என்பதால், செய்த உதவியை மட்டும் சொல்கிறோம். பிரெஞ்சில் ஒரு பிரதி அந்தந்த ஊராட்சி அலுவலகங்களுக்குப் போயிருக்கிறது. தமிழில் எழுதுவது, இந்த நாட்டில் இருந்துகொண்டே இப்படிப்பட்ட பாதைகளுக்குப் போகத் தயங்கும் நம்மவர்களுக்காக.

முதலில் பாரிஸில் லாச்சப்பல் பக்கம் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு நன்றி. எங்களில் ஒருவரிடம் கிராவல் சைக்கிள் இல்லை என்று கேள்விப்பட்டதும், "என்னுடையதை எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி, திரும்பக் கழுவிக் கொடுத்தால் போதும்" என்றார். அப்புறம், ஓர்லேயானில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மெக்கானிக். எங்கள் வழியைக் கேட்டுவிட்டு, 40 மில்லிமீட்டர் டயர்களைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். காற்றை 2.5 பாருக்கு இறக்கிவிட்டார். சரளையில் டயர் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தால்தான் பிடிமானம் இருக்கும் என்றார். காசு வாங்கவில்லை.

லுவார் கரையில் சைக்கிள் ஓடுவது வெள்ளத்தடுப்பு மேட்டின் மீதுதான். ஒரு பக்கம் மணல் திட்டுகளோடு ஆறு, மறுபக்கம் ஆற்று மட்டத்தை ஒட்டிய வயல்களும் வீடுகளும். இந்த மேடு எதற்கு என்பதை, ஷாத்தோநெஃப்புக்கும் சேன் பெனுவாவுக்கும் நடுவே ஓர் ஊரில் வயதான அம்மா ஒருவர் காட்டித் தந்தார். தன் வீட்டுச் சுவரில் ஒரு கோடு. பக்கத்தில் 1856 என்று செதுக்கியிருந்தது. அந்தக் கோடு எங்கள் தலைக்கு மேலே இருந்தது. 1846, 1856, 1866 என்று இருபது வருடத்துக்குள் மூன்று பெருவெள்ளம் கண்ட ஆறு இது. தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தந்துவிட்டு, இனிமேல் தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள் என்றார். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்று பலகை இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ளலாம். பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். அதற்குப் பிறகு தண்ணீருக்காக நாங்கள் எந்தக் கதவையும் தட்டவில்லை. அம்மாவுக்கும், அந்தக் குழாய்களை நல்லபடியாக வைத்திருக்கும் ஊராட்சிகளுக்கும் நன்றி.

ஓர்லேயான் காடு சுமார் 35,000 ஹெக்டேர். பிரான்சின் பெருநிலப்பரப்பில் அரசுக்குச் சொந்தமான காடுகளில் இதுவே பெரியது. ஓக்கும் பைனும் கலந்த காடு. மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட சரளைப் பாதைகள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடி, நட்சத்திரம் போலப் பல பாதைகள் கூடும் முனைகளில் சந்திக்கும். கிராவல் சைக்கிளுக்கென்றே போட்டுவைத்தது போலத் தோன்றும், ஆனால் அது ஆண்களும் பெண்களுமாக வனத்துறை ஊழியர்கள் வேலை செய்யும் இடம். லோரிஸ் பக்கத்துக் காட்டில் அப்படி ஓர் ஊழியர் வண்டியை நிறுத்தி, நாங்கள் போகவிருந்த பாதையில் அன்று வேட்டை நடப்பதாகச் சொன்னார். அதோடு அது கலைமான்கள் இணைசேரும் காலம். ஆண்மான் குரல் கொடுக்கும் புல்வெளிப் பக்கம் ஆள் நடமாட்டம் கூடாது. வெறுமனே திருப்பி அனுப்பாமல், வரைபடத்தை விரித்து வேறு வழி குறித்துக் கொடுத்தார். நீளமான வழி, ஆனால் நல்ல வழி. 1944 ஆகஸ்ட் 14 அன்று ஜெர்மன் படை தாக்கிய லோரிஸ் விடுதலைப் போராளிகளின் நினைவிடத்துக்கு அந்த வழிதான் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றோம். மீன் பிடித்துத் தின்னும் பெரிய பறவையான விறாலடிப்பான் கூடு கட்டும் உயரமான பைன் மரங்களைப் பற்றியும் அந்த ஊழியர் சொன்னார். பிரான்சின் பெருநிலப்பரப்பில் கூடு கட்டுவதையே விட்டிருந்த அந்தப் பறவை, 1980-களில் இந்தக் காட்டில்தான் மறுபடி குஞ்சு பொரித்தது. மீனுக்கு லுவார், கூட்டுக்குக் காடு. குளிருக்கு முன்பே ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடுவதால் எங்களுக்குக் காணக் கிடைக்கவில்லை.

காட்டை விட்டு ஜியன் பக்கம் இறங்கும் வயல்களில்தான் சிக்கல் வந்தது. அந்த வண்டிப்பாதைகளில் சக்கிமுக்கிக் கல் உண்டு. அதன் உடைந்த விளிம்பு பின் டயரின் பக்கச்சுவரை ஒரு நக நீளத்துக்குக் கிழித்துவிட்டது. ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றியிருக்கும் சீலண்ட் திரவம் வெள்ளை வெள்ளையாகப் பீய்ச்சியது, அடைக்கவில்லை. சீலண்ட் முள் குத்தலுக்குத் தாங்கும், பக்கச்சுவர்க் கிழிசலுக்குத் தாங்காது. சர்க்கரைக்கிழங்கு வயலோரம் நின்றிருந்தபோது டிராக்டரில் வந்த விவசாயி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். ஒன்றும் கேட்கவில்லை, கொட்டகைக்கு வாருங்கள் என்று கை காட்டினார்.

அடுத்து நடந்ததை விவரமாகச் சொல்லவேண்டும், யாருக்காவது உதவும். அவருடைய மனைவி காலிப் பால் பெட்டி ஒன்றை எடுத்துவந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். நான்கு மூலைகளையும் கத்தரியால் வளைவாக நறுக்கினார். கூர் இருந்தால் டியூபைக் குத்திவிடும் என்றார். டயரின் உட்புறத்தைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, கிழிசலின் மீது துண்டை வைத்து, அதற்கு மேல் தடித்த டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். எங்களிடம் இருந்த டியூபைப் போட்டோம். டிராக்டர் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை விவசாயி மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். ஒவ்வொரு முறையும் அந்த அம்மா கிழிசல் வீங்குகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். டயர் பிரியார் வரை தாங்கியது. கிளம்பும்போது காபி, ஒரு பை நிறைய ஆப்பிள். பணத்தை எடுத்தபோது இருவரும் சிரித்தார்கள்.

காபி குடிக்கும்போது விவசாயி சொன்னது எங்கள் மனதில் தங்கிவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் போகும் பாதை ஊராட்சிக்குச் சொந்தம், இருபுறமும் அவர் நிலம். போருக்குப் பிந்தைய நிலச் சீரமைப்பில் சிறு வயல்களை ஒன்று சேர்த்தபோது, பிரான்ஸ் முழுக்க வேலிச்செடிகளும் இப்படிப்பட்ட பாதைகளும் ஏராளமாக அழிந்தன. மிஞ்சியவையும் உழவில் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது உண்டு. அவர் கலப்பையை ஒரு முழம் தள்ளித்தான் திருப்புவாராம். வரைபடத்தில் நாம் பார்க்கும் மெல்லிய கோடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி யாரோ விட்டுக்கொடுத்த ஒரு முழம் இருக்கிறது. அந்தத் தம்பதிக்கும், பெயர் தெரியாத மற்ற விவசாயிகளுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

ஆற்றுக்கு அக்கரையில் சொலோன் பகுதியில் நிலைமை வேறு. வேட்டைக்காக வளைத்த தனியார் காடுகளும் உயரமான கம்பி வேலிகளும் அங்கே நிறைய. 2023-இல் வந்த சட்டம் வேலி 1.20 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது, விலங்குகள் நுழைய அடியில் 30 சென்டிமீட்டர் இடைவெளியும் விடச் சொல்கிறது. தனியார் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்தால் அபராதம் என்பதும் அதே சட்டத்தில் உண்டு, நம்மவர்கள் கவனிக்கவேண்டும். அந்த வேலிகளுக்கு எதிராகப் பல வருடம் குரல் கொடுத்த ஊர்க்காரர்களை நாங்கள் சந்தித்ததில்லை. அவர்களுக்கும் நன்றி.

காட்டோரத்தில் ஒரு காலை நேரத்தில் பார்த்த தன்னார்வலர்களை விட்டுவிட முடியாது. பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். முட்புதரை வெட்டி, மரத்தில் நெடுந்தூர நடைபாதையின் அடையாளமான சிவப்பு வெள்ளைப் பட்டைகளைப் புதிதாகத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நாடு முழுக்க உள்ள அந்த நெடும்பாதைகளில் முதலாவது, 1947-இல் ஓர்லேயானுக்குப் பக்கத்தில் இதே லுவார் கரையில் திறக்கப்பட்டது என்று பெருமையோடு சொன்னார்கள். நடப்பவர்களுக்காகப் போட்ட பாதையில் சைக்கிள் மெதுவாகப் போகவேண்டும், எதிரே ஆள் வந்தால் இறங்கவேண்டும் என்றும் சொன்னார்கள். நியாயமான பேச்சு, கேட்டுக்கொண்டோம்.

கடைசியாகப் பிரியார். 1896-இல் திறந்த 662 மீட்டர் பாலத்தில், லுவாருக்கு மேலே கால்வாய் ஓடுகிறது. பக்கத்து நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். சேறு அப்பிய மூன்று சைக்கிள்களையும் பாரிஸின் பெர்சி நிலையத்துக்குப் போகும் ரயிலில் ஏற்ற இடம் ஒதுக்கித் தந்த நடத்துநருக்கும், பெட்டியில் நகர்ந்து உட்கார்ந்த பயணிகளுக்கும் நன்றி.

தன்னார்வலர்களுக்கு ஒரு செய்தி: வசந்தத்தில் நீங்கள் நடத்தும் துப்புரவு நாளுக்கு எங்களை அழைத்தீர்கள். மூன்று பேரும் வருகிறோம். தேதியை ஊராட்சி அலுவலகத்தில் சொல்லி வையுங்கள், கையுறையும் கத்தரியும் நாங்களே கொண்டுவருகிறோம்.

நன்றியுடன்,
பாரிஸிலிருந்து வந்த மூவர்